ஊசல் ஆடுமுன் வந்த விடை

மதிவதனி பிளஸ் டூ இயற்பியலில் நூற்றுக்கு நூறு. சும்மாவா? திருப்பனந்தாள் பக்கத்தில் அவளுடைய ஊர் பஸ் நிறுத்தத்தில் ஆள் உயரத்துக்கு ஃப்ளெக்ஸ் வைத்துவிட்டார்கள். குத்தகை நிலத்தில் நடவு வேலையை முடித்துவிட்டு வந்த அப்பா மருதையன், சேற்றுக்காலோடு அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். அந்தக் குடும்பத்தில் கல்லூரிக்குப் போகும் முதல் ஆள் அவள்தான்.

கும்பகோணத்துக் கல்லூரியில் முதல் செய்முறை வகுப்பு. தனி ஊசலை ஆடவிட்டுப் புவியீர்ப்பு முடுக்கத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். மதிவதனி நூலில் பித்தளைக் குண்டைக் கட்டித் தொங்கவிட்டாள். உடனே உட்கார்ந்து மளமளவென்று நோட்டை நிரப்பினாள். கடைசி வரியில் புத்தகத்தில் இருக்கும் அதே 9.8. பேராசிரியை ஷோபனா வந்து எட்டிப் பார்த்தார்.

"ஊசல் இன்னும் ஆடவே இல்லையேம்மா. விடை எப்படி வந்துச்சு?"

பள்ளியில் அளவுகளை முன்கூட்டியே போர்டில் எழுதிப்போட்டு மனப்பாடம் செய்யச் சொல்வார்கள் என்று உள்ளதைச் சொன்னாள். பாவம், அது தப்பென்றே அவளுக்குத் தெரியாது. ஷோபனா திட்டவில்லை. அடுத்த வாரம் சொந்தமாக அளந்தால்தான் கையெழுத்து, அது இல்லாவிட்டால் செய்முறைத் தேர்வுக்கு உட்கார முடியாது என்று மட்டும் சொன்னார். அன்று ஊர் திரும்பியவளுக்கு ஃப்ளெக்ஸில் சிரிக்கும் தன் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. மார்க் வாங்குவதைத் தவிர நமக்கு ஒன்றுமே வராதோ என்று பயந்தாள்.

அடுத்த வாரம் நிஜமாகவே ஊசலை ஆடவிட்டாள். 9.6 வந்தது. பக்கத்து மேஜை ஸ்ம்ருதி, அந்த ஆறை எட்டாக்கிவிடு, யார் பார்க்கப்போகிறார்கள் என்று காதோடு சொன்னாள். பேனா போகத்தான் பார்த்தது. மதிவதனி அதை மூடி வைத்துவிட்டு, எங்கே பிசகியது என்று நூலையும் குண்டையும் திரும்பத் திரும்பப் பார்த்தாள். பிறகு, வருவது வரட்டும் என்று நோட்டை அப்படியே நீட்டிவிட்டாள்.

"எனக்கு இதுதான் மேடம் வந்துச்சு. நூலை மட்டும் அளந்துட்டேன். குண்டோட நடு வரைக்கும் அளந்திருக்கணும். அதனாலதான் குறையுதுன்னு நெனைக்கிறேன்."

ஷோபனா அவளை நிமிர்ந்து பார்த்தார். 9.6க்குப் பக்கத்திலேயே கையெழுத்துப் போட்டார்.

ஸ்ம்ருதிக்கு நம்பவே முடியவில்லை. அதுதான் கையெழுத்து வாங்கியாயிற்றே, வா, கேன்டீனுக்குப் போகலாம் என்று கையைப் பிடித்து இழுத்தாள். மதிவதனி மறுபடி ஸ்கேலை எடுத்தாள்.

"நீ போ ஸ்ம்ருதி. நான் சொன்னது சரிதானான்னு பார்த்துட்டு வர்றேன்."