மொய்னுதீன் பாயின் சுடாத பாதம்

மகாபலிபுரம் கடற்கரையில் சங்கும் சிப்பி மாலையும் விற்ற மொய்னுதீனுக்குக் கடை என்று தனியாக ஒன்று கிடையாது. கழுத்தில் ஒரு கொத்து மாலை, தோளில் ஒரு பை, கீழே இரண்டு கால். அவ்வளவுதான் கடை. வெள்ளைக்காரர்கள் எங்கே துண்டை விரித்துப் படுத்தாலும் அங்கே கடை நடந்து போய் நிற்கும். வாங்குகிறவரைக்கும் நிற்கும்.

நாற்பத்தாறு வயதில் சர்க்கரை வந்தது. செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் அவருடைய சிறுநீரை நீல மருந்தில் ஊற்றிக் காய்ச்சினார்கள். நீலம் பச்சையாகி, பச்சை மஞ்சளாகி, கடைசியில் சுட்ட செங்கல் நிறத்தில் வந்து நின்றது. மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள்.

மாத்திரை உடம்பைப் பார்த்துக்கொண்டது. மனசைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. பெருநாளன்று சொந்தக்காரர்கள் சேமியா குடிப்பதைப் பார்த்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்த் தேம்பினார். பேரம் பேசிய ஹிப்பிப் பெண்ணின் மேல் மாலையை வீசி எறிந்தார். மனைவி ஷஹர்பானு சாப்பாட்டில் உப்பு போதுமா என்று கேட்டால்கூட, "நான் செத்தா கேளு" என்றார். செத்தவரிடம் உப்பைப் பற்றி எப்படிக் கேட்பது என்று அவள் திருப்பிக் கேட்கவில்லை. அது அவள் பெருந்தன்மை.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் முன்னாலேயே அழுதுவிட்டார். டாக்டர் இரண்டு விஷயம் சொன்னார்.

"பாய், ஒண்ணு, பாதத்தைத் தினமும் புரட்டிப் பாருங்க. சின்னப் புண்ணா இருந்தாலும் ஓடி வந்துடுங்க. கால் போச்சுன்னா உங்க பொழப்பே போச்சு. இன்னொண்ணு, மனசு அமைதியா இருக்கணும். உங்க ஊர்லயே ஒருத்தர் சர்க்கரைக்காரங்களுக்குன்னு வகுப்பு நடத்தறாராம். போய் உட்காருங்க."

இரண்டு புத்திமதி கிடைத்தால் சுலபமானதை எடுத்துக்கொள்வதுதான் மனித இயல்பு. குனிந்து பாதத்தைப் புரட்டுவதைவிடக் கண்ணை மூடிக்கொண்டு உட்காருவது சுலபம். மொய்னுதீன் உட்காரப் போனார்.

வகுப்பை நடத்தியவர் வாசுதேவன். ரயில்வேயில் கணக்கு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், அவருக்கும் சர்க்கரை. பம்பாய்ப் பக்கம் ஒரு முகாமில் பத்து நாள் வாய் பேசாமல் இருந்துவிட்டு வந்தவர், அந்தப் பத்து நாளுக்கும் சேர்த்து மகாபலிபுரத்தில் பேச ஆரம்பித்தார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு கல்யாணக் கூடத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் வகுப்பு. எமர்ஜென்சி நேரம். நாலு பேர் கூடினாலே போலீஸ் வந்து என்ன ஏது என்று கேட்கும். இங்கே கூடியவர்கள் பேசாமல் இருக்கத்தான் கூடுகிறார்கள் என்று தெரிந்ததும் போலீஸ்காரருக்கே மனசு குளிர்ந்து போயிற்று. நாடு முழுவதும் சொல்லிக்கொடுத்த பாடம்தானே.

"மூச்சைக் கவனியுங்கள். இப்போது மனதைத் தலைக்குக் கொண்டு போங்கள். நெற்றி. கழுத்து. மெதுவாகக் கீழே. முழங்கால். பாதம். அங்கே என்ன தெரிகிறது? தெரிவதை எதிர்க்காமல் வெறுமனே கவனியுங்கள்."

முதல் நாள் முடிவில் ஒவ்வொருவரையும் கேட்டார். பஞ்சாயத்து ஆபீஸ் பியூன் ஞானதாஸ் முதலில் எழுந்தான்.

"உள்ளங்கால்ல மொளகாப் பொடிய தேச்சா மாதிரி எரியுது சார்."

"எதிர்க்காதீர்கள். கவனியுங்கள்."

"கவனிச்சாத்தான் சார் ஜாஸ்தியா எரியுது. சும்மா வுட்டா கொஞ்சம் தேவலாம்."

கூடம் சிரித்தது. வாசுதேவன் சிரிக்கவில்லை. "மனம் இன்னும் அலைகிறது" என்று சொல்லிவிட்டு மொய்னுதீனைப் பார்த்தார்.

மொய்னுதீன் கூச்சத்தோடு எழுந்தார். "கணுக்காலு வரிக்கும் தெரியுதுங்க. அதுக்குக் கீழ ஒண்ணுமே இல்லீங்க. தேடித் தேடிப் பாத்தேன். காலியா கீது."

வாசுதேவனின் முகம் மலர்ந்தது. "காலி! கேட்டீர்களா? நான் பம்பாயில் பத்து நாள் தேடியும் கிடைக்காத வெறுமை, இவருக்கு முதல் நாளே!"

அடுத்த வாரத்திலிருந்து மொய்னுதீனுக்கு முன்வரிசை. ஞானதாஸுக்குக் கடைசி வரிசை, தூண் ஓரம்.

சும்மா சொல்லக்கூடாது, வகுப்பு வேலை செய்தது. வாழ்க்கையில் எந்தப் பரீட்சையிலும் தேறாத ஒரு மனிதனைக் கூட்டத்தின் நடுவில் நிறுத்தி, "எப்படி இருக்கிறீர்கள்?" என்று அக்கறையாகக் கேட்டால் அவனுடைய பாதிக் கவலை போய்விடும். மொய்னுதீனின் அழுகை நின்றது. கோபம் வந்தால் மூச்சைக் கவனித்தார். மாலை விற்காவிட்டாலும் வெள்ளைக்காரர்களைப் பார்த்துப் புன்னகைத்தார். ஷஹர்பானுவிடம் தானாகவே, "கொழம்பு நல்லா கீது" என்று சொன்னார். அவளுக்குப் பயம் வந்துவிட்டது. நல்ல வார்த்தை பேச ஆரம்பித்த மனுஷன் எத்தனை நாள் இருப்பான்?

ஒரு சாயங்காலம் அவர் வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் வழியை மறித்தாள்.

"இன்னாங்க இது? ஒத்தக் கால்ல செருப்பு கீது. இன்னொண்ணு எங்க?"

மொய்னுதீன் குனிந்து பார்த்தார். இடது காலில் இருந்தது. வலது கால் வெறுமையாக, மணல் ஒட்டிக்கொண்டு இருந்தது.

"மணல்ல எங்கியாச்சும் வுழுந்திருக்கும்."

"வுழுந்தது காலுக்குத் தெரியாதா?"

"மனசு உள்ள இருந்திச்சி, பானு. வெளிய இல்ல."

"மனசு உள்ள இருக்கட்டும். காலு வெளியதான கீது? குந்துங்க." அவர் பாதத்தைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு கட்டைவிரலை நகத்தால் அழுத்திக் கிள்ளினாள். "வலிக்குதா?"

"இல்ல."

"இப்ப?"

"இல்ல." அவர் குரலில் லேசான பெருமை இருந்தது.

அவள் முகம் வெளுத்துவிட்டது. "டாக்டர் சொன்னாருல்ல, காலைப் பாக்கச் சொல்லி? நாளைக்கே செங்கல்பட்டு போலாம்."

"பித்துப் பிடிச்சவளாட்டம் பேசாத. ஊர்ல எல்லாரும் வலிக்குதுன்னு டாக்டர்கிட்ட போறான். வலிக்கலன்னு நான் போவட்டா?"

சத்தமாகச் சொல்லப்பட்டதாலேயே அது நியாயம்போல ஒலித்தது.

கத்திரி வெயிலில் வகுப்புக்கு ஆண்டு விழா வந்தது. தாலுகாவிலிருந்து ஓர் அதிகாரி தலைமை. மன வலிமைக்கு நேரடிச் சாட்சி வேண்டும் என்று வாசுதேவன் நினைத்தார். கடற்கரையில் பந்தல் போட்டு, பந்தலுக்கு வெளியே உச்சி வெயில் மணலில் மொய்னுதீனை வெறுங்காலோடு நிறுத்தினார். நாய்கூட நிழலைவிட்டு நகராத நேரம்.

"பாய், வாணாம்" என்று ஞானதாஸ் காதருகே வந்து சொன்னான். "நெருப்பா கொதிக்குது. சோத்தைப் போட்டா வெந்துடும்."

"உனக்குக் கொதிக்குது ஞானதாஸு. எனக்கு இல்லியே."

"அதான் பாய் எனக்கு பேஜாரா கீது."

அதிகாரி சுருக்கமாகப் பேசுவதாகச் சொல்லி ஆரம்பித்தார். அதிகாரிகள் அப்படிச் சொல்லித்தான் ஆரம்பிப்பார்கள். கட்டுப்பாடு, கடமை, தனி மனிதனின் அமைதியே தேசத்தின் அமைதி என்று எல்லாம் பேசி முடிக்கும்வரை மொய்னுதீன் கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் நின்றார். ஒரு ஹிப்பி அவர் காலருகே மண்டியிட்டுப் போட்டோ எடுத்தான். முட்டி சுட்டு, அலறிக்கொண்டு பந்தலுக்கு ஓடினான். கைதட்டல் வானத்தைப் பிளந்தது. மாலை விற்பவருக்கு முதல்முறையாக மாலை விழுந்தது. பிறகு எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்கள். சர்க்கரை நோயாளிகளின் விழாவில் லட்டா என்று கேட்கிறவர்களுக்கு நம் ஊர் விழாக்களைப் பற்றித் தெரியவில்லை என்று அர்த்தம்.

அவர் வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் ஷஹர்பானு பார்த்தாள். பாயில் ஈரமாக ஏதோ ஒட்டியிருந்தது. உள்ளங்கால் தோல். இரண்டு பாதமும் எண்ணெயில் போட்ட அப்பளம்போல உப்பிக் கிழிந்திருந்தன. அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவர் அவளைச் சமாதானப்படுத்தினார். மூச்சைக் கவனிக்கச் சொன்னார்.

"வாங்க, இப்பவே ஆஸ்பத்திரிக்கி" என்று அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"மொதல்ல சாரக் கேட்டுட்டு."

சார் வந்து பார்த்தார். அவருக்கும் முகம் கொஞ்சம் மாறத்தான் செய்தது. ஆனால் மாலை போட்டுக் கொண்டாடியதை அதற்குள்ளேயே புண் என்று எப்படி ஒப்புக்கொள்வது? "வலி இருக்கிறதா?" என்றார்.

"இல்லீங்க."

"அப்புறம் என்ன பயம்? பயம்தான் சர்க்கரையை ஏற்றும்."

மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் போட்டார்கள். இடது பாதம் எப்படியோ காய்ந்தது. வலது பாதத்தில் கட்டைவிரல் கறுத்தது. பிறகு பக்கத்து விரல். ஒரு காலையில் ஞானதாஸ் வாடை தாங்காமல், யாரையும் கேட்காமல் அவரைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏற்றினான்; ஷஹர்பானுவும் கூட ஏறினாள். திருக்கழுக்குன்றம் தாண்டுவதற்குள் பக்கத்துச் சீட்டுகள் காலியாகிவிட்டன. செங்கல்பட்டுவரை மூன்று பேரும் தாராளமாக உட்கார்ந்து போனார்கள்.

வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

வாசுதேவன் ஆரஞ்சுப் பழத்தோடு வார்டுக்கு வந்தார். கட்டிலருகே நின்றார். ஷஹர்பானு அவரைத் திட்டுவாள் என்று ஞானதாஸ் எதிர்பார்த்தான். அவள் திட்டவில்லை, உட்கார ஸ்டூலை இழுத்துப் போட்டாள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"என் காலு இன்னும் எரிஞ்சிகினுதான் சார் கீது" என்றான் ஞானதாஸ். "அது எரியறதப் பாத்தா இப்ப சந்தோசமா கீது."

மொய்னுதீன் பழைய மொய்னுதீன் ஆகியிருந்தார். கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். காதோரம் கண்ணீர் ஓடியது. "சார், தூக்கம் வரல. மனசு ஒரு எடத்துல நிக்கல. அந்தப் பாடத்தச் சொல்லுங்க சார். ஒரு தரம்."

வாசுதேவனுக்கு வேறு எதுவும் தெரியாது. தெரிந்ததைச் சொன்னார். "மூச்சைக் கவனியுங்கள். தலை. நெற்றி. கழுத்து. மெதுவாகக் கீழே. முழங்கால்…" அங்கே வந்ததும் அவர் குரல் நின்றுவிட்டது.

ஆனால் மொய்னுதீன் நல்ல மாணவர். அவர் நிற்கவில்லை. நெற்றி சுருங்கியது.

"சார், தெரியுது சார்."

"என்ன?"

"பாதம். எரியுது சார். கட்டைவிரலு, உள்ளங்காலு, எல்லாம். அந்த மணலு சுடுது சார்."

"எந்தக் கால்?"

மொய்னுதீன் விரலை நீட்டிக் காட்டினார். போர்வை அங்கே தட்டையாகக் கிடந்தது.

வாசுதேவன் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார். ஞானதாஸ் ஆரஞ்சை உரிக்க ஆரம்பித்து, யாருக்கு என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தான்.

"ஊது பானு" என்றார் மொய்னுதீன். "தாங்கல. கொஞ்சம் ஊது."

ஷஹர்பானு கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். விசிறியை எடுத்து, ஒன்றும் இல்லாத அந்த இடத்தில் வீசிக்கொண்டே இருந்தாள்.