அப்பா இல்லாத வானம்

ஆபீசில் அவளுக்கு மேகக்காரி என்று பெயர். சினிமாவில் வானம் பிளந்து, ஒளி இறங்கி, சாமியோ பூதமோ வந்து நிற்கிறதென்றால் அது பெரும்பாலும் இவள் கைவேலைதான். கம்ப்யூட்டரில் முதலில் வெறும் வானம். அதன்மேல் தூரத்து மேகம், பிறகு கிட்டத்து மேகம், நடுவே தூசி, அப்புறம் ஒளிக்கற்றை, கடைசியாக ஆள். எல்லாம் தனித்தனி லேயர். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அந்த ஒளி ஆளின் தோளில் பட்டு வழிகிற மாதிரி செய்துவிட்டால் எந்தக் கழிசடையையும் சாமியாக்கிவிடலாம். அதுதான் வினையாகப் போயிற்று.

அண்ணன் போன் செய்தான். அப்பா செத்து வருஷம் திரும்புகிறது, சொந்தக்காரர்கள் வருகிறார்கள்.

"அப்பா மேகத்துக்கு நடுவுல நின்னு நம்மளப் பாத்துச் சிரிக்கிற மாதிரி ஒரு வீடியோ பண்ணு. ஹால் டிவில ஓட விடலாம். அப்புறம் அந்த டிவியவே அம்மா ரூம்ல மாட்டிடலாம். துணைக்கு இருக்கும்ல?"

துணையாம் துணை! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாப்பாட்டில் உப்பு குறைந்தால் தட்டு பறக்கும். தட்டுக்குப் பின்னாலேயே கையும் வரும். கல்யாணமான நாளிலிருந்து அம்மா அந்த மனுஷனின் செருப்புச் சத்தத்துக்குக் காது கொடுத்தே காலத்தை ஓட்டினாள். இந்த ஒரு வருஷமாகத்தான் மத்தியானத்தில் கதவைத் திறந்துபோட்டுவிட்டுக் குறட்டை விடுகிறாள். அவள் எதிரே மறுபடியும் அந்த மூஞ்சியா? அண்ணனுக்கு ஒன்றும் தெரியாதா என்ன? எல்லாம் தெரியும். செத்தவரைக் குறை சொல்லக் கூடாதாம்.

மாட்டேன் என்றால் வேறு யாரையாவது பிடித்துச் செய்துவிடுவான். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அப்பா சிரிக்கிற போட்டோ ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அம்மாவின் தோளில் கை போட்டபடி. அவரை மட்டும் வெட்டியெடுக்க விளிம்பைப் பெரிதாக்கினாள். விரல்கள் தோளைத் தொட்டுக்கொண்டிருக்கவில்லை, அழுத்திப் பிடித்திருந்தன. அம்மாவின் தோள் அந்தப் பக்கம் ஒடுங்கியிருந்தது. இத்தனை வருஷம் கூடத்துச் சுவரில் தொங்கிய படம்தான். ஒருத்தர் கண்ணிலும் படவில்லை, தன் கண்ணிலும்தான் என்று நினைத்தபோது அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

இருந்தாலும் வேலை பழகிய கை. அது பாட்டுக்குச் செய்து முடித்தது. மேகம் விலக, அப்பா சாட்சாத் கடவுளாக நின்றார். அவ்வளவு நன்றாக வந்திருந்ததுதான் வயிற்றெரிச்சல். அப்பா இருந்த லேயரை மட்டும் மறைத்தாள். மிச்சத்தைக் கடைசி நேரத்தில் அண்ணனுக்கு அனுப்பிவிட்டாள்.

சொந்தக்காரர்கள் கூடியிருக்க, டிவியில் மேகம் விலகியது. ஒளி இறங்கியது. இறங்கிக்கொண்டே இருந்தது. ஆளைக் காணோம்.

"அப்பா எங்கடி?" என்று அண்ணன் கத்தினான்.

"எடுத்துட்டேன்."

"பைத்தியமா உனக்கு? பெத்த அப்பாடி அவரு!"

"அவ்வளவு பாசம்னா உன் பெட்ரூம்ல மாட்டிக்கோ. அம்மா தலையில கட்டாத!"

"நல்லாத்தான்மா இருக்கு, ஆளு மட்டும்தான் குறையுது," என்று சித்தப்பா சமாதானத்துக்கு வந்தார்.

அண்ணன் அம்மாவிடம் திரும்பினான். "நீயே சொல்லும்மா. அப்பாவப் போடச் சொல்லு."

அம்மா டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். புருஷனைப் பற்றி அதுவரை நாலு பேர் எதிரில் ஒரு வார்த்தை பேசாதவள்.

"வேண்டாம்பா," என்றாள். "இப்பதான் தூங்குறேன்."