சொந்த அன்னதானத்தில் கை நீட்டியவன்

எங்கள் அப்பா எலும்பு டாக்டர். திருவண்ணாமலையில் எலும்பு டாக்டராக இருப்பது ஒரு கொடுப்பினை. ஊர் ஊராக ஜனங்கள் வந்து மலையைச் சுற்றுவார்கள். சுற்றிய முழங்கால்கள் பிறகு எங்கள் வீட்டைச் சுற்றும். வேங்கிக்காலில் மாடி வீடு, கேட்டைத் திறக்க ஓர் ஆள், காரை ஓட்ட ஓர் ஆள், எனக்கு ஷூ லேஸ் கட்டிவிட ஓர் ஆள். எனக்கென்று மிச்சம் வைத்திருந்த ஒரே வேலை வளர்வதுதான். அதையும் நான் பக்கவாட்டில்தான் ஜாஸ்தி செய்தேன்.

நாங்களும் கிரிவலம் போவோம், காரில். வழியில் இருக்கும் எட்டு லிங்கத்துக்கும் கண்ணாடியை இறக்காமலே ஒரு கும்பிடு. ஏசி வீணாகக் கூடாதல்லவா?

அதற்கெல்லாம் பரிகாரம் மாதிரி, என் பிறந்தநாளை ஒட்டி வரும் பௌர்ணமியில் கிரிவலப் பாதையில் உள்ள அடி அண்ணாமலை ஊரில் அன்னதானம். கூட்டத்துக்காகப் போலீஸ் பாதையில் வண்டிகளைத் தடுப்பதற்கு முன்பே போய், சித்தப்பாவின் நிலத்தோரம் சாமியானா போட்டுவிடுவோம். அதன் மேல் கோட்டும் கூலிங் கிளாஸுமாக நான் சிரிக்கும் பிளக்ஸ். சர்க்கரைப் பொங்கலை மட்டும் அம்மா தன் கையால்தான் கொடுப்பாள். வீட்டில் சமையல்கார அக்கா அவளை அடுப்புப் பக்கமே விடமாட்டார். வருடத்தில் அன்று ஒருநாள்தான் அம்மா கரண்டி பிடிப்பது. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, வியர்த்து வழிய, அவளை அவ்வளவு சந்தோஷமாக நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

எனக்கு அந்தப் பொங்கல் கிடையாது. வெளிச்சாப்பாடு வயிற்றுக்கு ஆகாதாம். ஊருக்கெல்லாம் என் பேரில் பொங்கல். எனக்கு மட்டும் காருக்குள் ஹாட்பாக்ஸில் இட்லி.

"பெரிம்மாகிட்டயே வாங்கினு வா பாக்கலாம்" என்று ஒரு வருடம் சவால் விட்டான் சித்தப்பா மகன். அவனுக்கும் என் வயதுதான்.

காருக்குப் பின்னால் சட்டையை மாற்றிக்கொண்டோம். சாயம் போன அவன் சட்டையின் பொத்தான்கள் என் வயிற்றைத் தாண்ட மறுத்தன. நெற்றி நிறைய விபூதியைப் பூசிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையில் சேர்ந்தேன். தார்ரோடு அப்படிச் சுடும் என்று அன்றைக்குத்தான் தெரியும். ஒரு காலை மாற்றி ஒரு காலைத் தூக்கியதில் பின்னால் இருந்த அம்மாள்மேல் இடித்துவிட்டேன்.

"ஊட்டுல சோறு போடலியாடா? இந்த இடி இடிக்கிற!"

அம்மாவின் எதிரில் வந்தேன். இரண்டு கைகளையும் நீட்டினேன். அவள் என் கைகளை மட்டும்தான் பார்த்தாள். தொன்னையை வைத்தாள். கண்டுபிடித்துவிடுவாள், காதைத் திருகுவாள் என்று அப்படியே நின்றேன்.

"நகருப்பா. பின்னாடி இருக்கறவங்களும் வாங்கணும்ல?"

சொல்லிவிட்டு என் தலைக்கு மேலாகக் கார் பக்கம் பார்த்தாள். அங்கே முதுகைக் காட்டிக்கொண்டு என் புதுச்சட்டை நின்றிருந்தது.

"கண்ணு! வெயில்ல நிக்காத, வண்டியில ஏறு."

என் சட்டை ஏசி காரில் ஏறிக்கொண்டது. நான் என் பிளக்ஸுக்குக் கீழே நின்று பொங்கலை வழித்துத் தின்றேன்.

வீட்டுக்கு வந்ததும் இதைச் சொன்னேன். அப்பா சிரித்ததில் அவருக்குப் புரையேறியது. அம்மாவும் சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்துத் தனியாக வந்து கேட்டாள்.

"நகருப்பான்னா சொன்னேன்?"

"ஆமாம்மா."

"வேற ஒண்ணும் கேக்கலியா நான்?"

"கேக்கல" என்றேன், அவள் குரலிலேயே 'நகருப்பா'வை இன்னொரு தடவை நடித்துக் காட்டிவிட்டு. பிறகு வீட்டுக்கு வந்த விருந்தாளிகளுக்கும் நடித்துக் காட்டினேன். நல்ல வரவேற்பு. ஒவ்வொரு முறையும் அம்மாவுக்கு அடுப்படியில் ஏதோ வேலை வந்துவிடும். அந்த அடுப்படியில் அவளுக்கு என்ன வேலை என்று நான் யோசித்ததில்லை.

அடுத்த வருடம் அம்மாவின் கை ஓடவில்லை. ஒவ்வொரு தொன்னைக்கும் நிமிர்ந்து முகத்தைப் பார்த்தாள். சின்னப் பிள்ளைகள் வந்தால் இன்னும் மோசம். "எந்த ஊரு கண்ணு? கால் சுடலியா? இன்னும் கொஞ்சம் வெக்கட்டுமா?" வரிசை சித்தப்பாவின் கிணற்றையும் தாண்டிப் போய்விட்டது.

"இப்டிக் குடுத்தா கடைசி ஆளு அடுத்த பௌர்ணமிக்குத்தான் வாங்குவான்" என்றார் அப்பா.

நான் பிளக்ஸ் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு விஷயம் பளிச்சென்று புரிந்துவிட்டது. போன வருட ஏமாற்று வேலைக்குப் பயந்து, வரிசைக்குள் என்னைத் தேடுகிறாள்!

"அம்மா! நான் இங்கதான் இருக்கேன். பயப்படாம வேகமாப் போடு!" என்று கத்தினேன்.

வரிசையே சிரித்தது. அம்மாவும் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அப்புறம் பக்கத்தில் இருந்த சமையல் ஆளிடம் கரண்டியைக் கொடுத்துவிட்டு, செருகியிருந்த புடவையை இறக்கிவிட்டுக்கொண்டு போய்க் காரில் உட்கார்ந்தாள். வரிசை மளமளவென்று நகர்ந்தது. அதற்கப்புறம் எந்த வருடமும் அவள் அந்தக் கரண்டியைத் தொடவில்லை.

என்னால்தான் வேலை சீக்கிரம் முடிந்தது என்று எனக்கு ஒரே பெருமை. என் பிறந்தநாள், என் பிளக்ஸ், என் பேரில் பொங்கல். அவ்வளவு பெரிய வரிசையில் என்னைத் தவிர வேறு யார் முகத்தை அவள் பார்த்திருக்கப் போகிறாள்?