சித்தப்பா போட்ட சுண்ணாம்பு

காமயகவுண்டன்பட்டியில் என் சித்தப்பாவின் திராட்சைத் தோட்டத்தை ஒட்டி முன்பு ஒரு லாரி ஒர்க்‌ஷாப் இருந்தது. இன்ஜின் பாகங்களில் பிசுக்கு எடுத்த குளோரின் கரைப்பானைப் பின்பக்கக் குழியில் ஊற்றி ஊற்றியே காலத்தை ஓட்டினார்கள். பிறகு கடையைக் காலி செய்துகொண்டு போய்விட்டார்கள். விஷம் மட்டும் மண்ணில் இறங்கி, சித்தப்பாவுக்கு இருக்கும் ஒரே கிணற்றில் வந்து உட்கார்ந்துகொண்டது. கொடியில் பூ விட்டிருந்த நேரம். தண்ணீர் இல்லாவிட்டால் காய் நிற்காது.

கெட்ட தண்ணீரைச் சுத்தம் செய்வதுதான் என் பிழைப்பு. நானே வேலையில் இறங்கினேன். இரும்பு உப்போடு ஹைட்ரஜன் பெராக்சைடைச் சேர்த்தால், இரும்பு தூண்டிவிட, பெராக்சைடு அந்த விஷத்தை உடைத்துப்போடும். ஆனால் தண்ணீர் புளிப்பாக இருந்தால்தான் இரும்பு வேலை செய்யும். அமிலம் ஊற்றி, இரும்பு உப்பைக் கரைத்து, பக்குவத்துக்குக் கொண்டுவருவதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. "மோட்டாரைப் போட்டுறாதீக சித்தப்பா" என்று சொல்லிவிட்டு, பெராக்சைடு எடுத்துவரத் தேனிக்குப் போனேன்.

திரும்பி வந்து பார்த்தால் கிணறு முழுக்கத் துருநிறக் கலங்கல். புளிப்பு அளக்கும் மீட்டரை விட்டேன், புளிப்பு போன இடம் தெரியவில்லை. படியெல்லாம் சுண்ணாம்பு சிந்திக் கிடந்தது.

"யாரு போட்டது?" என்று கத்தினேன்.

"நாந்தான் ஆத்தா" என்றார் சித்தப்பா. "மயில்துத்த மருந்து கலக்குறப்ப அருவாள முக்கிப் பாப்போம்ல? செவந்துச்சுன்னா சுண்ணாம்பு பத்தலைன்னு அர்த்தம். கெணத்துலயும் முக்கிப் பாத்தேன். துரு ஏறிப்போச்சு."

தலையில் அடித்துக்கொண்டேன். "அது கொடிக்கு அடிக்கிற மருந்து! இங்கன சுண்ணாம்பக் கடைசியில நாங்களே போடுவோம். அதுக்குள்ள என்ன அவசரம்? இரும்பெல்லாம் சேறாப் போச்சு."

அவர் சுண்ணாம்புக் கையை வேட்டியில் துடைத்தார். "கெணத்துல ஆசிட்ட ஊத்திக் கெடுத்துட்டாளேன்னு ஊருக்குள்ள ஒன்னையத்தான் பேசுறாக. தண்ணி சரியாயிருச்சுன்னு காட்டலாம்னுதான் போட்டேன்."

எனக்குக் கோபம் இறங்கவில்லை. அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்றுதான் தெரியவில்லை.

"மறுபடி ஊத்துனாச் சரியாகுமா?"

"ஆகும். ஆனா சேத்தையெல்லாம் அள்ளிட்டுத்தான் மறுபடி ஊத்தணும், இந்தக் காய்ப்புக்கு ஆகாது சித்தப்பா."

இலை சுருண்ட கொடிகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "சரி, காய்ப்பு போனாப் போகுது. நீ மொதல்லருந்து ஆரம்பி ஆத்தா" என்றார்.

அவர் என்னைத் திருப்பித் திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.