தேரடியில் எனக்கு வந்த உரு

2004ஆம் ஆண்டு ஆனி மாதம், நயினாதீவு அம்மன் கோயில் தேர்த் திருவிழா. போர்நிறுத்த காலம் என்பதால் வெளிநாட்டில் இருந்தெல்லாம் சனம் வந்து குவிந்திருந்தது. ஆனால் எல்லோரையும் விடப் பெரிய புளுகமும் சந்தோஷமும், புங்குடுதீவில் இருந்து போன எனக்குத்தான்! ஐம்பத்தொரு வயது. மாதவிடாய் நின்று இரண்டு வருடம். இனி நாள் பார்த்து ஒதுங்கி நிற்கத் தேவையில்லை. கொடியேற்றத்தில் இருந்து ஒரு நாளும் விடவில்லை. பகலில் விரதம், பூசை முடிந்ததும் சர்க்கரைப் பொங்கலும் மோதகமும் வயிறு நிறைய.

இடுப்பு பெருத்துப் பழைய சட்டை ஒன்றும் போட முடியாமல் போயிருந்தது. ஓயாத தாகம், களைப்பு. திடீரென்று வேர்த்துக் கொட்டும். அந்த வயதுச் சூடு என்று ஊரும் சொன்னது, நானும் விசிறிக்கொண்டு திரிந்தேன்.

தேர் அசையத் தொடங்கிய நேரம். மேளமும் அரோகராவும் காதைப் பிளந்தன. சட்டென்று உடம்பு குளிர்ந்து வேர்த்தது. கைகால் நடுங்கின. நெஞ்சில் யாரோ ஏறி இருப்பது போல ஓர் இறுக்கம். தள்ளாடினேன்.

"அம்மாள் உரு வந்திட்டுது!" என்று, என்மேல் சாமி இறங்கிவிட்டதாக நினைத்து ஒருத்தி கத்தினாள். அவ்வளவுதான்! கையில் வேப்பிலையைத் திணித்தார்கள், நெற்றியில் குங்குமத்தை அள்ளிப் பூசினார்கள்.

"தாயே, என்ர மகனுக்குக் கனடா விசா கிடைக்குமோ?" என்று ஒரு அம்மா காலில் விழுந்தே விட்டார். எனக்கோ மூச்சு விடவே முடியவில்லை. நான் வாய் திறக்காததால் அம்மாள் கோபமாக இருக்கிறாள் என்று மற்றவர்களும் விழத் தொடங்கினார்கள்.

அப்போதுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் வயதுப் பெண் ஒருவர் வந்தார். ஊர்காவற்றுறையில் இருந்து அயலவர்களோடு தேர் பார்க்க வந்த கத்தோலிக்கர் என்று பிறகுதான் தெரிந்தது.

"விடுங்கோ! இது உரு இல்லை, நோய் வருத்தம்! நெஞ்சு இறுக்குதோ அக்கா?"

தலையாட்டினேன்.

"எனக்கும் மாதவிடாய் நிண்டாப் பிறகு இப்பிடித்தான் வந்தது. சூடு எண்டு பேசாமல் இருந்து சாகப் பார்த்தனான்."

உரு வந்தவளைத் தொட்டால் அம்மாள் சும்மா விடமாட்டாள் என்று ஆட்கள் அதட்டினார்கள். "அம்மாளுக்கு நான் மறுமொழி சொல்லுறன்," என்று அவர் என் கையைப் பிடித்தார். இரண்டு பேரைக் கூப்பிட்டு என்னைத் தூக்கச் செய்தார். இறங்குதுறையில், "அண்ணை, உடனை எடுங்கோ!" என்று போட்ட சத்தத்தில், ஆள் நிரம்பாமல் கிளம்பாத வள்ளம் எங்களை மட்டும் ஏற்றிக்கொண்டு அக்கரையில் குறிகட்டுவான் துறைக்குப் பறந்தது. அங்கே வாடகைக்கு வான் வண்டி பிடித்து யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி வரை கூடவே வந்தார். வழி முழுக்க அவர் வாயில் "மாதாவே, மாதாவே" தான்.

பிறஷர், சீனி வருத்தம், கொழுப்பு, இடுப்புச் சதை எல்லாம் ஒன்றாகக் கூடியிருந்தனவாம். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு இது சத்தமில்லாமல் வரக்கூடியதாம். இன்னும் பிந்தியிருந்தால் இதயம் தாங்கியிராது என்றார் டொக்டர்.

மருந்தும் நடையுமாக ஆளே மாறிவிட்டேன்! இப்போது, சூடு என்று விசிறுகிற எந்தப் பெண்ணையும் விடுவதில்லை, கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவேன். அன்றைக்குத் தேரடியில் அம்மாள் வந்தது மெய்தான், ஆனால் என்மேல் அல்ல, என் கையைப் பிடித்த அந்தப் பெண்மேல் என்றுதான் இன்றும் நம்புகிறேன்.