மூன்று பேரை நிறுத்தும் பாடம்

புளியங்குடியிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, சங்கரன்கோவில் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு ஆங்கிலம் நடத்துவது என் இருபது வருடப் பிழைப்பு. பக்கத்துத் தெருவில் தறிச் சத்தம் ஓயாது. அதை மீறிக் கத்தியே தொண்டை போய்விட்டது.

அதனால் ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிடும் இலக்கணம் வந்தால் எனக்கு ஒரு சுருக்குவழி உண்டு. மூன்று பேரை உயர வரிசையில் முன்னால் நிறுத்துவேன். இவள் ஷார்ட், இவள் ஷார்ட்டர், கடைசியில் நிற்பவள் ஷார்ட்டஸ்ட். பிள்ளைகள் சிரிப்பார்கள், பாடம் மண்டையில் ஏறிவிடும். எங்கள் பள்ளியில் எல்லா டீச்சர்களும் இப்படித்தான் நடத்துகிறோம்.

இந்த வருடம் பாடத்தின் பெயரைத்தான் சொன்னேன். முதல் பெஞ்சிலிருந்து ஒருத்தி தானாக எழுந்து வந்து, சுவரோரம் கடைசி ஆள் நிற்கும் இடத்தில் நின்றாள்.

“ஏட்டி, ஒன்னைய நான் கூப்பிடவே இல்லையே.”

“ஆறாப்புலயும் ஏழாப்புலயும் என்னையத்தான் நிப்பாட்டுனாவ. எங்கன நிக்கணும்னு தெரியும் டீச்சர்.”

குரலில் கோபம் இல்லை. தினமும் பஸ்ஸில் எனக்கு வரும் அதே அலுப்புதான் இருந்தது.

மற்ற இரண்டு பேரை நான் கூப்பிடவில்லை. கரும்பலகைப் பக்கம் திரும்பி, நெட்டையும் குட்டையுமாக மூன்று கோடுகள் போட்டு, அவற்றை வைத்தே பாடத்தை நடத்தி முடித்தேன். திரும்பிப் பார்த்தபோது அவள் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். அதுவரை அவளை உட்காரச் சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை.