சட்டைப்பையில் இல்லாத ஃபியூஸ்

வயரிங் வேலைக்காரன் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் முதல் காரியமாக ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொள்வான். வேறு யாரும் திரும்ப மாட்டிவிடக் கூடாதல்லவா? பதினெட்டு வருடப் பழக்கம் எனக்கு. அன்று இலுப்பூரில் ஒரு வீட்டில் ஏணியில் நின்று வயரைத் தொட்டேன். கரண்ட் தூக்கி எறிந்தது. கீழே கிடந்தபோதுதான் பையைத் தடவினேன். காலி.

புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டார்: "குடிப்பீங்களா?"

நான் வாய் திறக்குமுன் என் மனைவி செல்வி என் மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினாள். "கருப்பர் கோயில்ல ஒரு வருசத்துக்குக் கயிறு கட்டியிருக்காருங்க. ஏழு மாசமா ஒரு சொட்டு தொடலை." அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"வேற ஏதாச்சும்?"

கோயிலில் பூசாரி குடியை மட்டும்தான் சொல்லிச் சத்தியம் வாங்கினார். கஞ்சாவின் பேரை யாரும் எடுக்கவில்லை. அதனால் அது சத்தியத்தில் சேராது என்று சாமியிடமே சட்டம் பேசினேன். இழுத்த நாளில் குடி ஞாபகம் வரவில்லை. அதையே மருந்து என்று நம்பினேன். என்ன புத்திசாலித்தனம் பாருங்கள்!

உண்மையைச் சொன்னேன். செல்வி என் கையை விட்டாள்.

"கொஞ்சப் பேருக்கு அந்த நேரத்துக்குக் குடி குறையும். கொஞ்சப் பேருக்கு ரெண்டும் சேந்து கூடும். குறையிறது வேற, கொணமாகுறது வேற" என்றார் டாக்டரம்மா. ஹிப்போகேம்பஸ் (புது நினைவுகளைப் பதியவைக்கும் மூளைப்பகுதி) மந்தப்பட்டிருக்கலாம், கஞ்சாவை விட்டால் பெரும்பாலும் தேறும் என்றார். ஃபியூஸைப் பிடுங்க நினைத்திருக்கிறேன். நினைத்ததையே செய்ததாக எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

"குடிச்சிருந்தாக்கூட வாடை காட்டிக் குடுத்திருக்கும். இதைப் பீடி வாடைன்னுல்ல நெனச்சேன். ஊரெல்லாம் ஒங்களப் பெருமையாச் சொன்னேனே!" என்றாள் செல்வி. அங்கிருந்தே அரிமளத்திலுள்ள தாய்வீட்டுக்கு பஸ் ஏறிவிட்டாள்.

அன்றோடு கஞ்சாவை விட்டேன். விடுபடு அறிகுறிகள் (பழகிய போதை நின்றதும் உடம்பு செய்யும் கலகம்) தொடங்கின. சோறு இறங்கவில்லை. சட்டை நனைய வியர்த்தது. என்னைப் போல் கணக்குப் போட்டவர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும்: கஞ்சாவை நிறுத்தியதும், அது அமுக்கி வைத்திருந்த குடி ஆசை எழுந்து உட்கார்ந்துகொண்டது. டாக்டரம்மாவிடம் மறைக்காமல் சொன்னேன். மாத்திரை கொடுத்து, வாரந்தோறும் வரச் சொன்னார்.

பகல் நகரவே இல்லை. டீயை ஆற்றிக் குடித்து நிமிர்ந்தால் கடிகார முள் அங்கேயே நிற்கும். ஒரு வாரம் என் குரலை நானே கேட்கவில்லை. தனிமை தாங்க முடியவில்லை, வேறென்ன சொல்ல.

ஐந்து மாதம் கழித்துக் கயிற்றின் கெடு முடிந்ததும் தனியாகக் கோயிலுக்குப் போனேன். இரண்டின் பேரையும் உரக்கச் சொல்லிப் புதுக் கயிறு கட்டிக்கொண்டேன். செல்விக்குப் போன் செய்தேன்.

"ரெண்டையும் சொல்லிக் கட்டிட்டேன்."

செல்வி கேட்டாள்: "மூணாவதா ஒண்ணு கண்டுபிடிக்க மாட்டீங்கள்ல?"

மாட்டேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். "தெரியலை செல்வி. இன்னைக்கு இல்லை."

"நாளைக்கும் கேப்பேன்" என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் வேலைக்குப் போன வீட்டில் ஏணியில் ஏறுமுன் சட்டைப்பையைத் தொட்டேன். ஃபியூஸ் கட்டை தட்டுப்பட்டது. கையை நம்பாமல் அதை வெளியே எடுத்துக் கண்ணால் பார்த்தேன். பிறகுதான் ஏறினேன்.